சாப்பாட்டுக்கு முன் ஒரு சின்ன டம்ளர்: ராமநாதபுரம் கடற்கரை விருந்துக்குப் பசி கிளப்பும் மதுவில்லா பானங்கள்

பந்தி தொடங்க அரைமணி நேரம் இருக்கும்போது பெரிய கிளாஸ் நிறைய ரோஸ் மில்க் கொடுக்கிறோம். வீட்டு விருந்தென்றால் கலர், இல்லாவிட்டால் சர்பத். வந்தவர் வெயிலுக்கு இதமாக அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, ஏப்பம் விட்டபடி இலைமுன் உட்காருகிறார். பிரியாணியில் பாதி மீதம். சீலா மீன் வறுவலை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "வயிறு நெறஞ்சுடுச்சு, போதும்மா" என்று எழுந்துவிடுகிறார். காலையிலிருந்து அடுப்படியில் நின்றவர்களுக்கு அதைப் பார்த்தால் எப்படி இருக்கும்?

விருந்துக்கு முன்னால் பானம் கொடுப்பது நல்ல வழக்கம்தான். எதை, எவ்வளவு, எப்போது என்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

ஐரோப்பாவில் இதற்கென்றே அபெரிடிஃப் என்று ஒரு வகை வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு முன் சிறு அளவில் குடிப்பது. பெரும்பாலும் கசப்பும் துவர்ப்பும் புளிப்புமாக இருக்கும். 1786-இல் இத்தாலியின் துரின் நகரில் கார்பானோ என்பவர் மூலிகை ஊறவைத்த வெர்மூத் ஒயினை விற்க ஆரம்பித்தார். 1860-இல் சிவப்பு நிறக் கசப்புப் பானமான காம்பாரி வந்தது. 1960-களில் அதே இத்தாலியில் கிரோடினோ, சான்பிட்டர் என்று மது கலக்காத கசப்புப் பானங்களும் சின்னச் சின்ன பாட்டில்களில் வந்துவிட்டன. அந்த பாட்டில் 100 மில்லிதான். குடிப்பவருக்கு இன்னும் கொஞ்சம் கிடைத்தால் தேவலை என்று இருக்க வேண்டும், அதற்குள் இலை போட்டுவிட வேண்டும். அந்தக் கணக்கை நாம் எடுத்துக்கொள்ளலாம். சரக்கு எல்லாம் நம் ஊரிலேயே இருக்கிறது.

கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி, பாம்பன் என்று இந்தக் கரையில் மதுவைத் தொடாத வீடுகள் நிறைய. ஆகவே மதுவுக்கு மாற்றாக ஏதோ ஒன்றைத் தேடும் வேலை நமக்கில்லை. பசியைக் கெடுக்காத பானம் ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் தண்ணீர், அப்புறம்தான் பானம்

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது இது. சித்திரை வெயிலில் பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறவருக்கு இருப்பது தாகம். தாகத்தோடு இருப்பவரிடம் எதை நீட்டினாலும் மடக்கென்று குடித்துவிட்டு இன்னொன்று கேட்பார். அதனால் வந்ததும் ஒரு செம்பு நல்ல தண்ணீர். மண்பானைத் தண்ணீராக இருந்தால் ரொம்ப நல்லது. கை கால் கழுவி, விசிறிக்கடியில் உட்கார்ந்து, நலம் விசாரித்து முடிக்க ஒரு கால்மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகு சின்ன டம்ளரை நீட்டினால் அவர் சப்பிச் சப்பிக் குடிப்பார்.

நல்ல தண்ணீர் என்பதை இந்த மாவட்டத்தில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல ஊர்களில் கிணறும் போரும் உப்புத் தண்ணீர். சமையலில் மசாலா மறைத்துவிடும். 100 மில்லி பானத்தில் மறைக்க எதுவுமில்லை. தேயிலையும் நன்னாரியும் உப்புத் தண்ணீரில் ஊறினால் மணமே எழும்பாது. ஊறவைப்பதற்கும் ஐஸ் போடுவதற்கும் காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ பயன்படுத்துங்கள்.

ஐஸ் பற்றி இன்னொரு விஷயம். மீன்பிடித் துறைமுகம் பக்கத்தில் இருக்கிற ஊர்களில் பெரிய விசேஷம் வந்தால், ஐஸ் கம்பெனியிலிருந்து மீனுக்குப் போடும் பார் ஐஸை வாங்கி உடைத்துச் சர்பத்தில் போட்டுவிடுகிறார்கள். அது மீனைக் கெடாமல் வைக்கத் தயாரித்தது, குடிக்க இல்லை. பானம் நிறைந்த அண்டாவுக்கு வெளியே சுற்றி அடுக்கி, மேலே சாக்குப் போட்டுக் குளிர வைக்கலாம். ஒரு துண்டுகூட உள்ளே போகக்கூடாது. டம்ளரில் போடும் ஐஸை வீட்டு ஃப்ரிட்ஜில் முந்தின நாளே உறையவைத்துக்கொள்ளுங்கள், அல்லது குடிக்கத் தகுந்தது என்று லேபிள் உள்ள பாக்கெட் ஐஸை வாங்குங்கள்.

எந்தச் சுவை, ஏன்

புளிப்பு வாயில் நீர் ஊறவைக்கும். மாங்காயை நினைத்தாலே ஊறுகிறதே, அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கசப்பு நாக்கைச் சுத்தம் செய்ததுபோல ஆக்கும், அடுத்து வரும் உப்பும் காரமும் எடுப்பாகத் தெரியும். துவர்ப்பு வாயை லேசாக உலர்த்தும். சாறு நிறைந்த எதையாவது கடிக்கலாம் என்று தோன்றும். உப்பு இரண்டு வேலை செய்கிறது: தன் சுவையைத் தருவதோடு கசப்பின் கடுமையையும் தணிக்கிறது. கசப்பு தூக்கலாகிவிட்டால் சர்க்கரை டப்பாவைத் தேடாமல் ஒரு சிட்டிகை உப்பு போட்டுப் பாருங்கள். பாதிக் கசப்பு அடங்கிவிடும்.

இனிப்பைச் சுத்தமாக ஒதுக்க வேண்டாம். புளிப்பு பல்லைக் கூசாமல் இருக்கும் அளவுக்குப் போதும். ஒரு டம்ளருக்கு அரை டீஸ்பூன் கருப்பட்டிப் பாகு என் கணக்கு; அதைத் தாண்டினால் சர்பத் ஆகிவிடும். பால், பாதாம், பிசின், சேமியா, ஐஸ்கிரீம் எதுவும் இந்த நேரத்துக்கு ஆகாது. ஜிகர்தண்டாவை எனக்கும் பிடிக்கும், ஆனால் அது ஒரு வேளைச் சாப்பாடு. மண்டபம் பக்கத்துப் பெண்கள் தீவோரக் கடலில் மூழ்கி எடுக்கும் பாசியிலிருந்து வரும் அகர் அகரைப் போட்டுச் செய்கிற கடல்பாசி இனிப்பும் அப்படியே. அதன் இடம் சாப்பாட்டுக்குப் பின்னால்.

காரத்தில் மட்டும் கையடக்கம் வேண்டும். நம் ஊர் முண்டு மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது என்பதற்காக டம்ளரில் அள்ளிப் போட வேண்டியதில்லை. காரம் ஏறினால் நாக்கு மரத்துவிடும், அப்புறம் நண்டு மசாலாவும் தெரியாது, நெய்ச்சோறும் தெரியாது. டம்ளர் விளிம்பில் தொட்டும் தொடாமலும் இருந்தால் போதும்.

சாப்பாட்டைப் பார்த்துப் பானத்தைத் தேர்ந்தெடுப்பது

இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பானம் தனியாக நன்றாக இருந்தால் மட்டும் போதாது, பின்னால் வருவதோடு ஒத்துப்போக வேண்டும். முதல் விதி: குழம்பில் எந்தப் புளிப்பு இருக்கிறதோ அதே புளிப்பைப் பானத்தில் வைக்காதீர்கள். புளி கரைத்து ஊற்றிய மீன்குழம்புக்கு முன்னால் புளிப் பானகம் கொடுத்தால் குழம்பு சப்பென்று ஆகிவிடும். அங்கே எலுமிச்சையோ நார்த்தங்காயோ சரி. மாங்காய் போட்ட நெத்திலிக் குழம்பு என்றால் மாங்காய்ப் பானம் வேண்டாம்.

ஆட்டுக்கறி பிரியாணி, நெய்ச்சோறு, தாளிச்சா போன்ற கொழுப்பும் கனமும் உள்ள சாப்பாட்டுக்கு முன்னால் நல்ல கூர்மையான பானம் வேண்டும். புளியும் சுக்கும், அல்லது கசப்பு தூக்கலான நார்த்தங்காய் சோடா. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம். அந்த நாட்களில் நாட்டுப்படகு மீன் வந்தாலும் விருந்துகள் பெரும்பாலும் கறிக்கும் கோழிக்கும் மாறிவிடும். கோடையில் கனமான சாப்பாடு என்பதால் இந்தக் கூர்மை இன்னும் அவசியம்.

நண்டு, கணவாய், இறால் மசாலா மாதிரி காரமான கடலுணவுக்கு முன்னால் சாதுவாக ஒன்று: எலுமிச்சை பிழிந்த இளநீர். தேங்காய்ப்பால் ஊற்றிய சொதி, மீன் ஆணம் போன்றவற்றுக்கு இஞ்சியும் எலுமிச்சையும். சைவச் சாப்பாடென்றால் நீர்மோர். ஆனால் தண்ணீராக, பெருங்காயமும் இஞ்சியும் போட்டு. மீன் சாப்பாட்டுக்கு முன் மோர் கொடுக்காதீர்கள். மீனும் மோரும் சேராது என்று நம் பெரியவர்கள் உறுதியாக நம்புகிறார்கள். அது சரியா தப்பா என்று விருந்து நாளில் விவாதிக்க முடியாது, தந்த டம்ளர் அப்படியே திரும்பி வரும்.

பருவத்தைப் பார்ப்பது

பங்குனி முதல் ஆனி வரை மாங்காய், வெள்ளரிப்பிஞ்சு, பதநீர், நுங்கு. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை அடித்து ஊற்றும்போது ஜில்லென்று எதையும் நீட்ட வேண்டாம். சூடான மிளகுத் தண்ணீரே சிறந்தது. மார்கழி தை மாசியில் நெல்லிக்காய், கூடவே பனங்கிழங்கு. நன்னாரி வேரும் புளியும் சுக்கும் வருஷம் முழுக்கக் கிடைக்கும். உப்பு நார்த்தங்காயும் ஜாடியில் போட்டு வைத்தால் எப்போதும் இருக்கும்.

இனி செய்முறைகள். எல்லாமே ஒருவருக்கு 100 மில்லி என்ற கணக்கு.

உப்பு நார்த்தங்காய் சோடா

என்னைக் கேட்டால் இந்தக் கரையில் இதைவிட நல்ல பசி கிளப்பி இல்லை. புளிப்பு, கசப்பு, உப்பு மூன்றும் ஒரே துண்டில் இருக்கிறது. இத்தாலிக்காரன் மூலிகைகளை ஊறவைத்துக் கொண்டுவருகிற கசப்பை நம் வீட்டுப் பாட்டிகள் வெயிலில் காயவைத்தே எடுத்துவிட்டார்கள்.

எண்ணெயும் மிளகாய்த்தூளும் சேராத, உப்பு மட்டும் போட்டுக் காயவைத்த நார்த்தங்காய்தான் வேண்டும். சுருள் சுருளாக, வெளியே உப்புப் பூத்துக் கறுப்பாக இருக்குமே, அதுதான். ஒருவருக்குக் கட்டைவிரல் அளவு துண்டு. மேலே பூத்திருக்கும் உப்பை ஒருமுறை தண்ணீரில் அலசிவிடுங்கள், இல்லாவிட்டால் கடல்நீர் குடித்தது போலாகும். பிறகு பொடியாக நறுக்கி, 30 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிஷம் மூடிவைத்து ஊறவிடுங்கள். தண்ணீர் தேன் நிறமாக மாறும். மூடியைத் திறந்தால் தோலின் எண்ணெய் மணம் முதலில் வரும், அதன்பின் ஊறுகாய் வாசனை. துண்டுகளைக் கரண்டியின் பின்பக்கத்தால் லேசாக நசுக்கி வடிகட்டுங்கள். நன்றாகப் பிசைந்துவிட்டால் உள்வெள்ளையிலிருந்து வெறும் கசப்பு இறங்கிவிடும், அது மருந்தாகிவிடும்.

டம்ளரில் இரண்டு ஐஸ் கட்டி, அதன்மேல் இந்தச் சாறு, அதன்மேல் 70 மில்லி குளிர்ந்த வெறும் சோடா. கோலி சோடா கிடைத்தால் அதையே ஊற்றுங்கள், பன்னீர் சோடாவைத் தொடாதீர்கள். ஒரே ஒரு சுற்று கிளறினால் போதும், நுரையை அடித்து விரட்ட வேண்டாம். சர்க்கரை கிடையாது. உப்புத் தூக்கலாக இருந்தால் சோடாவைக் கூட்டுங்கள்.

முதல் வாய் குடித்ததும் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். "என்ன மாப்ளே, மருந்து குடுக்குறியா?" என்று மாமா யாராவது கேட்பார். "ஆமா மாமா, பசிக்கு மருந்து. மெதுவா குடிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுங்கள். மூன்றாவது வாயில் அவரே, "சோறு ஆச்சா?" என்பார்.

நன்னாரி, சர்பத் இல்லாமல்

கடையில் விற்கும் நன்னாரி சர்பத்தில் பெரும்பகுதி சர்க்கரைப் பாகு. அதைக் குறைத்து ஊற்றினால் நன்னாரியும் குறைந்துவிடும். ஆகவே வேரை வாங்கி நீங்களே ஊறவைப்பதுதான் வழி. நாட்டு மருந்துக் கடையில் வாங்கும்போது ஒரு வேரை உடைத்து முகர்ந்து பாருங்கள். மணம் குப்பென்று மூக்கில் ஏற வேண்டும். மண்வாசனை மட்டும் வந்தால் பழைய சரக்கு.

20 கிராம் வேரைக் கழுவி, அம்மியிலோ சின்ன உரலிலோ தட்டுங்கள். நடுவில் இருக்கும் வெள்ளைக் குச்சியை எடுத்துவிடுங்கள். மணமெல்லாம் மேல்தோலில்தான். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, இரண்டு நிமிஷம் ஆறவிட்டு, வேரின் மேல் ஊற்றி இறுக்கமாக மூடிவிடுங்கள். வேரைப் போட்டுக் கொதிக்கவிடக் கூடாது. நன்னாரியின் மணம் ஆவியோடு போகிற ஜாதி. வீடு மணக்கும், டம்ளர் மணக்காது. ஒரு இரவு ஊறியதும் வடிகட்டி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

பரிமாறும்போது 50 மில்லி நன்னாரித் தண்ணீர், ஒன்றரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, அரை டீஸ்பூன் கருப்பட்டிப் பாகு, ஒரு சிட்டிகை உப்பு, மீதிக்குச் சோடா. கருப்பட்டிக்குச் சாயல்குடிப் பக்கத்துச் சரக்கு கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். பாகை வடிகட்ட மறக்க வேண்டாம், கருப்பட்டியில் மண்ணும் சுண்ணாம்பும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.

புளியும் சுக்கும்

பானகத்தின் இனிப்பை உருவிவிட்டால் மிஞ்சுவது இது. நான்கு பேருக்கு: நெல்லிக்காய் அளவு பழம்புளியை 350 மில்லி தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். தட்டிய சுக்கு கால் டீஸ்பூன், ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு ஆறேழு, ஒரு ஏலக்காய், இரண்டு டீஸ்பூன் கருப்பட்டிப் பாகு, தேவையான உப்பு. அரைமணி நேரம் ஊறவிட்டு மெல்லிய துணியில் மறுபடி வடிகட்டுங்கள். சுக்குத்தூள் தொண்டையில் நின்றால் இருமல் வரும், அதனால் இரண்டாவது வடிகட்டலைத் தவிர்க்காதீர்கள். இதற்குச் சோடா வேண்டாம். பிரியாணிக்கு முன்னால் இதைக் கொடுத்துப் பாருங்கள்.

புளி, எலுமிச்சை, நார்த்தங்காய் எதையும் பித்தளை, செம்புப் பாத்திரத்தில் வைக்கக் கூடாது. பாட்டி வீட்டுச் செம்புக் கோப்பை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் புளிப்பு உலோகத்தைக் கரைத்துவிடும். எவர்சில்வர், கண்ணாடி, மண், இவை மூன்றும் சரி.

பதநீரில் மாங்காய்

பதநீர் இனிப்பானது. அப்படிப் பார்த்தால் இந்தப் பட்டியலில் அது வரக்கூடாது. ஆனாலும் நுனியோலையை மடித்த பட்டையில், நறுக்கிய மாங்காய்த் துண்டு மிதக்கக் கொடுக்கும்போது வெளியூர் விருந்தினர் முகம் மலர்வதைப் பார்த்தவர்கள் அதை ஒதுக்க மாட்டார்கள். அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்: 60 மில்லி போதும். மாங்காய் நல்ல புளிப்புக்காயாக இருக்கட்டும், அரைமணி முன்னதாகவே போட்டு வையுங்கள். ஒரு துளி எலுமிச்சையும் சேர்க்கலாம்.

வாங்குவதில்தான் கவனம். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டி இறக்கினால் பதநீர். தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். காலையில் இறக்கியதைக் காலையிலேயே வாங்கி, துணியில் வடிகட்டி, உடனே குளிரில் வைத்து, மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுங்கள். நுரை கட்டியிருந்தாலோ மூக்கைத் துளைக்கிற புளித்த வாடை வந்தாலோ விருந்தினருக்குக் கொடுக்காதீர்கள். மதுவைத் தவிர்க்கிற வீட்டில் இது ருசி விஷயம் மட்டுமில்லை. ராத்திரி விருந்துக்குப் பதநீர் வேண்டவே வேண்டாம்.

கட்டஞ்சாயா, குளிரவைத்து

ஒயின் குடித்துப் பழகிய வெளிநாட்டு விருந்தினர் வந்தால், மதுவில்லாத பானங்களில் அவர்கள் தேடுவது பெரும்பாலும் அந்தத் துவர்ப்பைத்தான். அது தேயிலையில் நிறைய இருக்கிறது. அரை லிட்டர் கொதிநீரில் இரண்டு டீஸ்பூன் தேயிலை, நான்கு நிமிஷம், வடிகட்டி ஆறவைத்து ஃப்ரிட்ஜில். தட்டிய ஏலக்காய் ஒன்று, ஒரு கீற்று எலுமிச்சைத் தோல். தோலை டம்ளருக்கு மேல் பிடித்து முறுக்கினால் எண்ணெய் மேலே தெளிக்கும். சர்க்கரை சேர்க்காதீர்கள். ராத்திரி எட்டுமணிக்கு மேல் வயசானவர்களுக்கு இதைக் கொடுத்தால் தூக்கம் கெட்டுவிட்டதாக மறுநாள் புகார் வரும்.

மழைக்கு மிளகுத் தண்ணீர்

ரசத்தின் தெளிவைத் தெரியாதவர் யாருமில்லை, நீட்டி எழுத ஒன்றுமில்லை. பருப்புச் சேர்க்காமல், தக்காளியைக் குறைத்து, மிளகு சீரகம் பூண்டு தட்டிப்போட்டு, நுரை கட்டியதும் இறக்கி, மேலாக எடுத்து, காபி டம்ளரில் அரை டம்ளர். எண்ணெய்த் தாளிப்பு வேண்டாம். சாப்பாட்டில் புளிக்குழம்பு இருந்தால் இதில் புளிக்குப் பதிலாக எலுமிச்சை.

இளநீர், நெல்லிக்காய்

உச்சிப்புளி, தங்கச்சிமடம் பக்கம் இளநீருக்குப் பஞ்சமில்லை. வழுக்கை கெட்டிப்படாத காயாக வெட்டச் சொல்லுங்கள். 90 மில்லிக்கு ஒரு டீஸ்பூன் எலுமிச்சை, நகக்கண் அளவு உப்பு. வெட்டிய பிறகு நேரம் ஆகஆக ருசி மாறும். நெல்லிக்காய்க்கு ஒருவருக்கு இரண்டு காய், ஒரு துண்டு இஞ்சி, உப்பு; அரைத்து வடிகட்டித் தண்ணீர் சேர்த்தால் முடிந்தது.

பாட்டிலில் வருவதை வாங்குவதானால்

வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் வாங்கிவருவதும், ஆன்லைனில் கிடைப்பதுமாக மதுவில்லா அபெரிடிஃப் பாட்டில்கள் இப்போது நம் வீடுகளுக்கும் வந்துவிட்டன. 2015-இல் இங்கிலாந்தில் சீட்லிப் என்ற வடித்தெடுத்த மூலிகைப் பானம் வந்ததிலிருந்து இந்த வகை பெருகியிருக்கிறது. விலை அதிகம். உப்பு நார்த்தங்காய் இருக்கும்போது அவசியமா என்றால், என் வரையில் இல்லை.

வாங்கினால் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். 0.5 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ள பானத்தையும் பல நாடுகளில் மதுவில்லாதது என்றே விற்கிறார்கள். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதியிலும் மது என்ற கணக்கு அதற்கு மேல்தான் தொடங்குகிறது. மார்க்கம் சார்ந்து தவிர்க்கிறவர்களுக்கு அது ஏற்புடையதாக இருக்காது. 0.0 என்று போட்டிருப்பதைத் தேடுங்கள், சந்தேகம் இருந்தால் பாட்டிலையே காட்டிக் கேட்டுவிடுங்கள். கசப்புக்காகச் சொட்டுச் சொட்டாக விடும் பிட்டர்ஸ் பாட்டில்கள் இன்னும் ஏமாற்றும். அங்கோஸ்டூராவில் 44.7 சதவீதம் ஆல்கஹால். நாலு சொட்டுதானே என்று சொல்லாமல் விடுவது நம்பி வந்தவருக்குச் செய்யும் துரோகம். எசென்ஸ் பாட்டில்களிலும் ஆல்கஹால் இருக்கலாம்.

டானிக் வாட்டர் நல்ல கசப்பு. அந்தக் கசப்பு குயினைன் என்ற மருந்துப் பொருளிலிருந்து வருகிறது. ஆனால் சாதாரண டானிக்கில் சர்க்கரையும் கணிசமாக உண்டு. பாதிக்குப் பாதி வெறும் சோடா கலந்து, எலுமிச்சை பிழிந்து கொடுங்கள். கர்ப்பிணிகளுக்கும் இதயத் துடிப்புக் கோளாறுக்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் டானிக் வேண்டாம்.

மருந்து சாப்பிடுகிறவர்கள் என்ற பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ரத்தக்கொதிப்பு உள்ளவருக்கு உப்பு நார்த்தங்காய் சோடாவைத் தவிர்த்து, உப்பில்லாத நன்னாரி. சர்க்கரை நோய் உள்ளவருக்குப் பதநீரும் கருப்பட்டிப் பாகும் இல்லை. கருப்பட்டி சர்க்கரையை ஏற்றாது என்று சொல்வதை நம்ப வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இளநீர் ஆகாது, அதில் பொட்டாசியம் அதிகம். கூட்டத்தில் கேட்டால் வாய் திறக்க மாட்டார்கள். முந்தின நாளே வீட்டுப் பெண்களிடம் போனில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பரிமாறுவது

டீக்கடைக் கண்ணாடி கிளாஸ் கச்சிதமான அளவு. பெரிய கிளாஸில் கொஞ்சமாக ஊற்றினால் கஞ்சத்தனமாகத் தெரியும், சின்ன கிளாஸில் நிறைய ஊற்றினால் மரியாதையாகத் தெரியும். அளவு இரண்டிலும் ஒன்றுதான்.

விளிம்புக்கு மிளகாய் உப்பு வேண்டுமென்றால், நாலு முண்டு மிளகாயை வெறும் சட்டியில் வறுத்து, விதையைத் தட்டிவிட்டு, இரண்டு டேபிள்ஸ்பூன் கல்லுப்போடு பொடியுங்கள். வாலிநோக்கத்தில் உப்பளமே வைத்திருக்கும் மாவட்டம் நமது, உப்புக்கு வேறெங்கும் போக வேண்டாம். கிளாஸ் விளிம்பில் பாதி வட்டத்துக்கு மட்டும் எலுமிச்சை தேய்த்து, அந்தப் பொடியில் தொட்டு எடுங்கள். காரம் வேண்டாதவர் மறுபக்கம் குடித்துக்கொள்வார். குழந்தைகள் கிளாஸுக்கு இது வேண்டாம்.

சாப்பாட்டுக்கு இருபது முப்பது நிமிஷம் முன்னால் கொடுங்கள். சமையலறையில் சோறு வடித்தாயிற்றா என்று பார்த்துவிட்டுத்தான் டம்ளரை வெளியே கொண்டுவர வேண்டும். பசியைக் கிளப்பிவிட்டு ஒரு மணி நேரம் காக்கவைத்தால் வயிறு காந்தும், மனுஷர் மிக்சரை அள்ளித் தின்ன ஆரம்பித்துவிடுவார். வயதில் மூத்தவருக்கு முதலில், கையில் நேராக. ஒரு சுற்றுக்கு மேல் ஊற்றாதீர்கள். கேட்டால், "சாப்பிட்டு முடிச்சிட்டு இன்னொண்ணு தர்றேன் பெரியம்மா" என்று சொல்லலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கூடக் கடிக்க ஏதாவது வைக்க வேண்டும், வெறும் வயிற்றில் புளிப்பு மட்டும் போகக்கூடாது. எண்ணெய் குறைந்ததாக, உப்பாக, ஒருவருக்கு ஒரு பிடி. வெள்ளரிப்பிஞ்சைக் கீறி மிளகாய் உப்புத் தூவியது, அவித்த வேர்க்கடலை, தை மாசத்தில் அவித்து நார் உரித்த பனங்கிழங்கு. மொறுமொறுவென்று வறுத்த நெத்திலிக் கருவாடு நார்த்தங்காய் சோடாவுக்குப் பிரமாதம். வாசனை பிடிக்காதவர் கூட்டத்தில் இருந்தால் தட்டைத் திண்ணையில் வையுங்கள். பஜ்ஜி, வடை, சமோசா எல்லாம் வயிற்றை அடைத்துவிடும்.

நோன்பு திறக்கிற நேரத்துக்கு இந்த முறை எதுவும் பொருந்தாது. பகல் முழுக்கப் பட்டினி இருந்த உடம்புக்குப் பேரீச்சம்பழமும் தண்ணீரும் கஞ்சியும்தான். பசியைக் கிளப்ப வேண்டிய வேலை அங்கே இல்லை. பெருநாள் மதியச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பது பேருக்கு

மொத்தம் 5 லிட்டர். நார்த்தங்காய் சோடா என்றால் ஒன்றரை லிட்டர் சாறு, மூன்றரை லிட்டர் சோடா. நன்னாரி என்றால் இரண்டரை லிட்டர் ஊறல் நீருக்கு 100 கிராம் வேர். எலுமிச்சைச் சாறு முக்கால் கிளாஸ் போதும் என்று நினைத்துவிடாதீர்கள், ஒரு லிட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிழிய வேண்டியிருக்கும். காய் சின்னதாக இருந்தால் இருபதுக்கும் மேல் ஆகும். முந்தின நாள் பிழிந்து வைத்த எலுமிச்சைச் சாறு லேசாகக் கசக்கும், காலையில் பிழியுங்கள்.

சாறு, பாகு, உப்பு மூன்றையும் கலந்து பாட்டிலில் குளிரவைத்துவிடுங்கள். சோடாவை மட்டும் அண்டாவில் கலக்காதீர்கள். இருபதாவது ஆளுக்குப் போகும்போது குமிழி ஒன்றுகூட இருக்காது. கிளாஸ்களைத் தாம்பாளத்தில் அடுக்கி, ஒருவர் சாறு, அடுத்தவர் சோடா, மூன்றாமவர் எடுத்துப் போகட்டும். சாறும் சோடாவும் நன்றாகக் குளிர்ந்திருந்தால் கிளாஸில் ஐஸே தேவையில்லை.

மீந்த நன்னாரித் தண்ணீரை ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். புளிக் கரைசல் மறுநாள் ரசத்துக்குப் போகும், அதில் பாகு கலந்திருந்தால் பரவாயில்லை, ரசம் கொஞ்சம் வெல்லம் போட்ட மாதிரி இருக்கும். ஊறிய நார்த்தங்காய்த் துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், ராத்திரி பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஆள் இருக்கும்.